பட்டியக்கா தேய்க்காமல் விட்ட இடம்

பெயின்டர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறவர்கள். கூரை, கார்னிஸ், ஃபேன் கொக்கி என்று அண்ணாந்தே ஆயுளைக் கழிப்பார்கள். கீழே, தரையோடு ஒட்டி நாலு சுவரையும் சுற்றி ஒரு மரப்பலகை ஓடுகிறதே, ஸ்கர்ட்டிங் என்பார்கள், அதன் பக்கம் ஒருவனும் குனிய மாட்டான். கேட்டால் இடுப்பு வலி என்பான். ஊரில் உள்ள பெயின்டர்களின் இடுப்பு வலியில்தான் பட்டியக்காவின் பிழைப்பு ஓடியது.

கல்யாணமான புதிதில் புருஷனுக்கு ஏணி பிடிக்கப் போனவள் அவள். சும்மா நிற்பது அவளுக்கு ஆகவே ஆகாது. ஏணியைப் பிடித்தபடி கீழே பார்த்தாள். ஆணி பிடுங்கிய ஓட்டைகள், சோபா இடித்த உடைசல், பலகைக்கும் சுவருக்கும் நடுவே கரப்பான் குடும்பம் நடத்துகிற இடுக்கு. புருஷன் அத்தனையின் மேலும் ஒரே இழுப்பாகப் பெயின்டை இழுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஓட்டை மேல பெயின்ட் அடிச்சா அது பெயின்ட் அடிச்ச ஓட்டைதானே?"

"அவ்வளவு ரோஷமா இருந்தா நீயே அடைச்சுக் காட்டு" என்றார் அவர்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவர்தான். அன்றைக்குக் குனிந்தவள் ஐம்பது வயது தாண்டியும் நிமிரவில்லை. ஓட்டை அடைக்கிற கலவைக்குத் தொழிலில் பட்டி என்று பெயர். அதனால் அவளுக்குப் பட்டியக்கா என்ற பெயர் நிலைத்து, சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்காத நிலைமை வந்துவிட்டது. உடைந்த ஆபீஸ் நாற்காலியின் சக்கரங்களை ஒரு குட்டிப் பலகையில் அடித்து, அதில் உட்கார்ந்தபடியே சுவரோரம் உருண்டுகொண்டு போவாள். "அம்மாவோட தேர் கிளம்பிடுச்சு, வழி விடுங்க" என்பார் புருஷன். அவர் மேலே, இவள் கீழே. இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது சாப்பாட்டு நேரத்தில்தான். சண்டை இல்லாமல் இத்தனை வருஷம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓட்டை என்றால் எல்லாம் ஒன்றுதானே, எதையாவது அப்பினால் போகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் கிடையாது. "பல்வலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரையா சாப்பிடுறீங்க?" என்று பிடித்துக்கொள்வாள். ஆணி ஓட்டைக்கு டப்பாவில் வருகிற மரப்பட்டி போதும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் மாவாய் உதிர்ந்து சமமாகிவிடும். அதையே சுவருக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். அங்கே ரப்பர் மாதிரி கூடவே இழுபட்டுக் கொடுக்கிற டியூப் பட்டிதான் வேண்டும். மூலை பெயர்ந்துபோன உடைசலுக்கு இரண்டு கலவையைச் சேர்த்துக் குழைக்கிற கல் பட்டி. குழைத்த கையோடு பூசாமல் யாரோடாவது வாயடித்துக்கொண்டிருந்தால் கத்தியோடு சேர்ந்து இறுகிப்போகும். பெயின்ட் அடிக்காமல் பாலிஷ் மட்டும் போடுகிற மரம் என்றால், அதே மரத்தின் தூளைத் துணியில் சலித்து, நைசான தூளை மட்டும் பசையில் குழைத்து வைப்பாள். மெழுகுக் குச்சி என்று ஒன்று உண்டு. மேஜை நாற்காலிக்குச் சரி, பெயின்ட் அடிக்கிற இடத்தில் வைத்தால் பெயின்ட் அதன்மேல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எதை வைத்தாலும் மறுநாள் வந்து பார்ப்பாள். காயும்போது பட்டி கொஞ்சம் உள்வாங்கும், அந்தப் பள்ளத்தை இன்னொரு கை பூசித் தேய்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். கையால் தடவினால் எங்கே ஓட்டை இருந்தது என்று அவளுக்கே தெரியக்கூடாது. வேலையில் அப்படிப் பூசி மெழுகுகிறவள், பேச்சில் எதையும் பூசி மெழுக மாட்டாள். அவள் வேலையில் யாராவது குறை சொன்னால் தொலைந்தார்கள். ஒரு மேஸ்திரி "இங்க லேசா மேடு தட்டுதேக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அது பெயின்ட் சொட்டு என்று நிரூபணம் ஆகும்வரை மதியச் சாப்பாட்டுக்குப் போக முடியாமல் நின்றார். "மறந்துட்டேன்", "விட்டுப்போச்சு" என்ற இரண்டு வார்த்தைகளும் அவள் வாயிலிருந்து வந்ததாக அவள் புருஷனுக்கே ஞாபகமில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் பல் டாக்டரம்மா தன் அப்பாவின் வீட்டு வேலைக்குக் கூப்பிட்டாள்.

அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும். மனைவி இல்லை. தனியாகத்தான் இருந்தார். காலையில் ஒருத்தி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள், மற்றதெல்லாம் அவரே. மகள் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவர் அங்கே ஒரு நாள் தங்கக்கூடப் போவதில்லை. "அங்க போனா என்னை ஒரு நாற்காலியில வெச்சிடுவாங்க. அப்புறம் யாராவது எடுத்து வெச்சாதான் உண்டு" என்பார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தும் போகவில்லை.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே பேசாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் அவரே சமையலறைக்குப் போய், டீ போட்டு, தட்டில் வைத்து ஹாலுக்குக் கொண்டு வருவார். மகள் எழுந்து உதவ மாட்டாள். அது டீ இல்லை, பரீட்சை என்று இருவருக்கும் தெரியும். அதில் தேறுகிறவரை அவர் அவர் வீட்டில். தேறாத அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலை ஆரம்பித்த அன்று டாக்டரம்மா டார்ச் அடித்து ஸ்கர்ட்டிங்கைச் சுற்றிக் காட்டினாள். "அக்கா, நானும் ஓட்டை அடைக்கிறவதான். என் கண்ணுக்குத் தப்பாது. ஒன்னு விடாம அடைச்சுடுங்க. அப்பா காலு எதுலயாவது மாட்டிக்கப் போகுது."

"நீங்க திரும்ப டார்ச் அடிச்சுத் தேடினாலும் கிடைக்காது டாக்டரம்மா" என்றாள் பட்டியக்கா.

கிடைக்கவும் இல்லை. சமையலறைக் கதவுக்கு முன்னால் இரண்டு பலகைகள் சேராமல் வாய் பிளந்து நின்ற இடத்தை அடைத்தாள். ஹாலில் பழைய டெலிபோன் ஒயரை அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கி, சிராய் பெயர்ந்து கிடந்த அந்த ஓட்டைக் கூட்டத்தை அடைத்தாள். குளியலறைப் பக்கம் உடைந்திருந்த மூலையைக் கல் பட்டியில் புதிதாகவே பிடித்து வைத்தாள். அதன்மேல் புருஷன் வெள்ளைப் பெயின்ட் ஓட்டினார். பலகை நாலு சுவரையும் சுற்றி வழவழவென்று ஓடியது. அக்காவுக்கே தன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வழக்கப்படி மறுநாள் காலையில் பார்க்க வந்தாள். கதவு திறந்திருந்தது. ஹாலில் ஆளில்லை. கூப்பிட்டதற்கு ஸ்டோர் ரூமிலிருந்து பதில் வந்தது. போய்ப் பார்த்தால், மூட்டைகளுக்கும் பழைய பக்கெட்டுக்கும் நடுவே ஆபரேட்டர் நிற்கிறார். கையில் பால் பாத்திரம். எதிரே இருந்த இரும்பு அலமாரியை அடுப்பு என்று நினைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"ராங் நம்பர் ஆயிடுச்சும்மா" என்றார் சிரித்துக்கொண்டே. "சமையல்கட்டுக்குப் போட்டேன், ஸ்டோர் ரூமுக்கு லைன் போயிடுச்சு."

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அவரைக் கைபிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போகும்போது அவர் அவள் கையை விடாமல் இறுகப் பற்றிக்கொண்டார். சிரிப்பு அடங்கியது.

"என்ன சார் ஆச்சு? இத்தனை வருஷம் இருந்த வீடாச்சே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு இடது காலை நீட்டி, வீட்டுச் செருப்பின் ஓரத்தைக் காட்டினார். அந்த ஓரம் மட்டும் தேய்ந்து வெள்ளையாக இருந்தது.

"தட்டைத் தூக்கினா ரெண்டு கையும் போச்சு. அப்புறம் இந்தச் செருப்புதாம்மா எனக்குக் கண்ணு. பலகையோரமா உரசிக்கிட்டே வருவேன். ஒரு இடத்துல டக்குனு மாட்டும், அதுதான் சமையல்கட்டு. ஹால்ல ஒரு இடத்துல பரபரன்னு பிடிக்கும், அங்க திரும்பினா நேரா மேஜை. நேத்து சாயங்காலத்துலேர்ந்து எங்க உரசினாலும் ஒரே மாதிரி இருக்கு. எவனோ என் வீட்டைத் தூக்கிட்டுப் போயி வேற வீட்டை வெச்சுட்டான்னு நெனச்சேன்."

அந்த எவனோ பட்டியக்காதான். எந்த வழவழப்பைப் பார்த்து நேற்று முத்தம் கொடுக்க நினைத்தாளோ, அதே வழவழப்பில் ஒரு மனுஷனின் வீடே வழுக்கிப் போயிருந்தது.

"கதவை எண்ணிப் பார்க்கலாமே சார்?"

"எண்ணலாம். நடுவுல ஒரு பழைய பாட்டு ஞாபகம் வந்தா எண்ணிக்கை போச்சு. ஹால்ல எண்ணுறதுக்குக் கதவும் கிடையாது." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மககிட்ட சொல்லிடாதீங்க. வீடு எனக்கு மனப்பாடம்னு பெருமையடிச்சு வெச்சிருக்கேன். ஓட்டையை நம்பித்தான் நடந்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே பெட்டி கட்டிடுவா. நீங்க ஒன்னு பண்ணுங்க, ஒரு ஆணியை எடுத்துப் பழைய இடத்துல நாலு குத்து குத்திட்டுப் போங்க."

அடைத்த கையாலேயே ஓட்டை போடுவதா? அக்காவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதோடு, டார்ச் வைத்திருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஓட்டையைப் பார்த்தால் காரணம் கேட்பாள். காரணம் தெரிந்தால் பெட்டிதான். கண்ணுக்குத் தெரியக்கூடாது, காலுக்குத் தெரிய வேண்டும். இப்படி ஒரு ஓட்டை அடைப்பை அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

"பாத்ரூமுக்கும் ஏதாவது வேணுமா சார்?"

"அதுக்கு மூக்கு போதும்மா. சோப்பு வாசனை வாசல்வரைக்கும் வருது."

ஆக இரண்டு இடம். வீட்டுக்குப் போய் ஒரு துண்டு ஸ்கர்ட்டிங் பலகையை எடுத்து வரிசையாகக் குழிகள் போட்டு, தன்னிடம் இருந்த பட்டி ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றில் வைத்தாள். காய்ந்ததும் எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, செருப்பு போட்ட காலால் பலகையை உரசிக்கொண்டே நின்றாள். டீ குடிக்க வந்த புருஷன் அதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்றவன்னு என்னைத்தான் இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருந்தே" என்றார் கடைசியில்.

"வாயை மூடிக்கிட்டு அந்த செருப்பைக் குடுங்க. அதுல இன்னும் அடிப்பாகம் தடிமனா இருக்கு."

அடுத்த நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆபரேட்டர் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பலகை மேல் செருப்பை மெதுவாக இழுத்தார். குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிப் பழகியவர், பலகையையும் அப்படித்தான் கேட்டார்.

"இது யாரு?"

"டப்பா மரப்பட்டி சார்."

"இதுக்கும் மரத்துக்கும் ஒரே குரல். வேணாம். இது?"

"கல் பட்டி."

"இதுவும் அதே கும்பல்தான். இது... இது நல்லாயிருக்கே. காலு போனதும் உள்ள அமுங்குது. தூங்குற ஆளை இடிச்ச மாதிரி."

அது டியூப் பட்டி. சமையலறைக்கு அதுதான் என்று முடிவாயிற்று. கடைசிக் குழியில் மரத்தூள் பட்டி இருந்தது. அதன்மேல் ஆபரேட்டர் இரண்டு தடவை செருப்பை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பேசுற மாதிரி இருக்கு. ஆனா ரொம்ப ரகசியமா பேசுது."

அக்கா துணியில் சலித்து நைசாக்கிய தூள் அல்லவா அது. அவளுக்கு வாழ்நாள் முழுவதும் சலித்து, துணியில் தங்குகிற கப்பியைக் குப்பையில் கொட்டியே பழக்கம். நேராகத் தச்சரின் பட்டறைக்குப் போய், ரம்பத்தின் கீழே கிடந்த தூளை அள்ளிச் சலித்தாள். கீழே விழுந்த நைசைக் கொட்டிவிட்டு, மேலே நின்ற கப்பியைப் பொட்டலம் கட்டிக்கொண்டாள். தச்சர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்.

சமையலறைக் கதவுக்கு முன்னால் இருந்த தன் வேலையை அவளே உளியால் சுரண்டி எடுத்தாள். அது கொஞ்சம் வலித்தது. டியூப் பட்டியை மொத்தமாக அப்பினால் தொங்கிவிடும். அதனால் ஒரு கை வைத்து, காயவிட்டு, அடுத்த கை வைத்தாள். ஹாலில் கப்பிப் பட்டியைப் பூசினாள். காய்ந்ததும் உப்புத்தாளை எடுத்த கை பழக்கத்தில் பலகைக்குப் போய்விட்டது. தேய்த்தால் சொரசொரப்பு போய்விடும். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தேய்க்காத பட்டியின் மேல் அப்படியே பெயின்ட் அடித்துவிட்டுத் திரும்பியது அவள் தொழிலில் அன்றைக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கதவில் ஒரு சொட்டு பெயின்ட் தொட வேண்டும் என்று பொய் சொல்லி அங்கே போய் நின்றாள். டாக்டரம்மா வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே நுழைந்ததும் டார்ச் எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். "அற்புதம்க்கா, பொறாமையா இருக்கு" என்றாள். பட்டியக்காவுக்கு அந்தப் பாராட்டு காதில் ஏறவில்லை. ஆபரேட்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டீ போட்டுக் கொண்டு வரேன்" என்றார்.

இடது செருப்பைப் பலகையோரம் வைத்து நடக்க ஆரம்பித்தார். ஸ்டோர் ரூமைத் தாண்டினார். பட்டியக்கா பிரஷ்ஷால் கதவைத் தடவிக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சமையலறைக் கதவு வந்ததும் செருப்பு லேசாக அமுங்கி நின்றது. அவர் முகத்தில் பழைய எக்ஸ்சேஞ்ச்காரரின் சிரிப்பு வந்தது. லைன் கிடைத்துவிட்டது. உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தமும், பிறகு ஒரு பழைய பாட்டும் கேட்டன.

பாட்டு கேட்ட சந்தோஷத்தில் அக்கா டாக்டரம்மாவைக் கவனிக்கவில்லை. ஹாலில் வெறுங்காலோடு உலாத்திக்கொண்டிருந்த அவள் சுவரோரம் சட்டென்று நின்றாள். பெருவிரலால் பலகையைத் தடவினாள். குனிந்து கையாலும் தடவினாள்.

"அக்கா, இங்க மட்டும் சொரசொரன்னு இருக்கே. தேய்க்க விட்டுப்போச்சா?"

வாழ்நாள் முழுதும் காத்துவந்த பெயர். வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவள் எழுந்து நிற்கிற வேகத்தில் கேட்டவர் பின்வாங்கிவிடுவார். பட்டியக்கா சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு, நெஞ்சில் ஏதோ நிறைந்து வழிகிற மாதிரி ஒரு சந்தோஷத்தோடு சொன்னாள்:

"ஆமா டாக்டரம்மா. மறந்தே போயிட்டேன்."

"பரவாயில்லக்கா. ஒரு தாள் இருந்தா குடுங்க, நானே ரெண்டு தேய்ப்பு தேய்ச்சுடுறேன். கண்ணுக்குத் தெரியலைன்னாலும் இதெல்லாம் எனக்கு உறுத்தும். பல்லுலயும் அப்படித்தான், நான் பார்த்தா சரியா இருக்கும், அவங்க நாக்கு கண்டுபிடிச்சிடும்."

"இருக்கட்டும்மா, நான் அப்புறமா..."

அப்போது ஆபரேட்டர் தட்டோடு வந்தார். மூன்று கோப்பை டீ. இரண்டு கையும் தட்டில், இடது செருப்பு பலகையில். டாக்டரம்மா வழிவிட்டு விலகி நின்றாள். செருப்பு உரசிக்கொண்டே வந்து, அவள் சற்று முன் தடவிய அதே இடத்தில் பரபரவென்று பிடித்தது. அவர் நின்றார். திரும்பினார். நேராக நடந்து வந்து தட்டை மேஜையில் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

டாக்டரம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். அப்பாவின் செருப்போரத்தில் தேய்ந்திருந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு பட்டியக்காவைப் பார்த்தாள். அக்கா அவசர அவசரமாகக் கதவுக்குப் பெயின்ட் அடித்தாள், பிரஷ்ஷில் பெயின்ட் இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல்.

"என்ன, ரெண்டு பேரும் பேச மாட்டேங்கிறீங்க" என்றார் ஆபரேட்டர். குரலில் பயம் எட்டிப் பார்த்தது. "சர்க்கரை கூடிப்போச்சா?"

மகள் ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சர்க்கரையே போடவில்லை.

"டீ பிரமாதம்ப்பா" என்றாள். அப்புறம், "அக்கா, அதைத் தேய்க்க வேணாம்" என்றாள்.

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். தன் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றும், அடுத்து பெட்டி, மூட்டை என்று வரும் என்றும் அவர் காத்திருந்தது தெரிந்தது. டாக்டரம்மா கோப்பையோடு அந்தச் சுவரோரம் போய்ப் பெருவிரலை மறுபடி பலகை மேல் இழுத்துப் பார்த்தாள், ஒரு தரம், இன்னொரு தரம். அப்படியே இழுத்துக்கொண்டு சமையலறைக் கதவுவரை போனாள், அங்கே விரல் அமுங்கியது.

"எங்க வீட்டு ஸ்கர்ட்டிங் பூரா ஒரே வழவழப்பு" என்றாள். "அதை எப்ப வந்து கெடுத்துக் குடுப்பீங்கக்கா? அப்பா அங்க வந்து நாலு நாள் இருந்துட்டு, அவர் பாட்டுக்குத் திரும்பி இங்க வந்துடட்டும். சமையல்கட்டுக்கு அந்த அமுங்குறதையே வெச்சுடலாம். பசங்க ரூமுக்கு எது நல்லாயிருக்கும்?"

பட்டியக்கா வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சொரசொரப்பு" என்றார். "நல்லா சத்தமா பேசுற சொரசொரப்பு. அந்த ரூமுக்கு மட்டும் எனக்கு ராங் நம்பர் ஆகக் கூடாது."